பந்தய ஓட்டுநரும் பொருள் தந்தோரும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில், பினாங்கு ஜார்ஜ் டவுனின் பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்படும். தெருவெல்லாம் தேங்காய் உடைபட, வழிநெடுக அருச்சனைத் தட்டுகளை ஏற்றுக்கொண்டு, தண்ணீர்மலைப் பக்கத்துச் செட்டியார் கோயிலை அது சென்றடைய இரவாகிவிடும். காவடிகள் செல்லும் அச்சாலையின் இரு மருங்கிலும் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கும். ஒன்றைத் தொழிலாளர் குழுவினர் அமைத்திருப்பர். ஒன்றை வணிகக் கம்பெனியார் அமைத்திருப்பர். மற்றொன்று நண்பர் சிலர் கூடிப் போட்டதாக இருக்கும். முகப்பில் அமைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் விளங்கும். மோர் வாங்கிக் குடிப்பவர் அப்பெயரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பர். பெயரை எழுதியது தவறென்று எவரும் எண்ணுவதில்லை. கொடுத்தவருக்கு அவ்வளவு உரிமை உண்டென்பது நம்மவர் ஒப்புக்கொண்ட முறை.

இக்காட்சியை முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. இதே ஊரில் ஓர் இளைஞர், வாரநாட்களில் ஒரு தொழில் பார்த்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் மோட்டார்ப் பந்தயத்தில் ஓட விரும்புகிறார் என்று கொள்வோம். பெரிய பந்தயத் தடத்தில் ஓட வேண்டுமாயின் அவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே செப்பாங்குக்குச் செல்ல வேண்டும். வண்டி வேண்டும், அதைக் கொண்டுசெல்ல ஒரு லாரி வேண்டும், டயர், எண்ணெய், தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம், நுழைவுக் கட்டணம், பழுது பார்க்கும் ஆட்கள் என்று செலவு அடுக்கடுக்காய் வரும். ஒரு சம்பளம் அதற்குப் போதாது. ஆகவே அவர் ஊர் வணிகர்களை நாடுகிறார். என்ன சொல்லிக் கேட்பது? கேட்கப்பட்டவர் எதற்காகக் கொடுப்பார்? கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? இவ்வினாக்கள் இன்று தோன்றியவை அல்ல. மோட்டார்ப் பந்தயம் தோன்றிய நாள்தொட்டு இவை கூடவே ஓடி வருகின்றன. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மூன்று சொற்கள்

பொருள் கொடுத்து ஒருவரைத் தாங்குபவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதலாவது, 'புரவலர்.' சங்க காலத்துப் பாரி முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தான் என்பது நாம் அறிந்ததே. முல்லை அவனுக்கு எதையும் திருப்பித் தரவில்லை. எதையும் எதிர்பாராமல் கொடுப்பதே புரவலர் இலக்கணம். இரண்டாவது, 'விளம்பரதாரர்.' இவர் செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் விற்பனையில் ஈடு தேடுவார். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது மூன்றாவது சொல், 'உபயக்காரர்.' மலேசியத் தமிழ்க் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ, தொழிற்குழுவோ, கம்பெனியோ ஏற்று நடத்தும். அவர் பெயர் அறிக்கையில் அச்சாகும். அன்று அவருக்கு மரியாதை உண்டு. மறு ஆண்டும் அவரையே முதலிற் கேட்பர். உபயம் என்ற சொல் வடமொழியில் 'இரண்டும்' எனப் பொருள்படும். கொடுப்போர், கொள்வோர் ஆகிய இருபாலாருக்கும் அதில் பங்கு உண்டென்று நாம் கொண்டால், இலக்கணத்தார் ஒப்பினும் ஒப்பாவிடினும், நடைமுறைக்கு அது பொருந்தும்.

ஆங்கிலத்தார் வழங்கும் 'ஸ்பான்சர்' என்ற சொல்லும் முதலில் விளம்பரத்தைக் குறித்ததன்று. இலத்தீனில் அதற்குப் 'பிணை நிற்பவர்' என்பது பொருள். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காக உறுதிமொழி கூறும் ஞானப்பெற்றோரையும் அச்சொல் குறித்தது. ஒருவருக்காக இன்னொருவர் தம் பெயரைப் பிணையாக வைப்பதே அதன் உட்கருத்து. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

1894

பினாங்கின் வெள்ளித் தேர் 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து ரூவன் நகர் வரையில் குதிரையில்லா வண்டிகளின் போட்டி ஒன்று நடந்தது. மோட்டார்ப் பந்தய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குவர். அதை நடத்தியது மோட்டார்ச் சங்கம் எதுவுமன்று. 'லெ பெத்தி ஷூர்னால்' என்னும் பாரிசுச் செய்தித்தாள். போட்டியைப் பற்றி எழுதினால் தாள் விற்கும் என்று அதன் நடத்துநர் கண்டனர். முதலில் வந்து சேர்ந்தவர் தெ தியோன் என்னும் பிரபு. ஆயினும் அவருடைய நீராவி வண்டிக்குக் கரி போட வேறோர் ஆள் தேவைப்பட்டமையால், முதற்பரிசு பெட்ரோல் வண்டிகள் செய்த பெழோ, பனார் ஆகிய இரு கம்பெனிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1900-இல் தொடங்கிய கோர்டன் பென்னட் கோப்பையும் அத்தகையதே. 'நியூயார்க் ஹெரால்டு' தாளின் உரிமையாளர் பெயரே கோப்பையின் பெயராயிற்று. ஆகவே, பந்தயம் தூய விளையாட்டாய்ப் பிறந்து பின்னர் வாணிகத்தால் கெட்டது என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அது பிறந்ததே வணிகர் மடியில்.

மறு ஆண்டு, 1895-இல், பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயம் நடந்தது. மிஷ்லேன் சகோதரர் இருவர் காற்றடைத்த டயர் பூட்டிய வண்டியொன்றைத் தாமே ஓட்டிச் சென்றனர். வழியில் டயர்கள் பலமுறை பழுதாயின, அவர்கள் வெல்லவில்லை. எனினும் காற்று டயர் மோட்டார் வண்டியைத் தாங்கும் என்பதை நாடு பார்த்துவிட்டது. அதன்பின் பந்தயத்துக்குப் பணம் தந்தோர் வரிசையில் டயர்க் கம்பெனிகள் நிலையான இடம் பெற்றன. எண்ணெய்க் கம்பெனிகளும், தீப்பொறிச் செருகிகள் செய்வோரும் அவற்றோடு சேர்ந்தனர். வென்றவருக்குத் தொகை தந்து, 'எங்கள் பொருளைக் கொண்டே இவர் வென்றார்' என்று மறுநாள் தாளில் அறிவிப்பது அவர்கள் வழக்கம்.

டயர் என்றதும் நம் கதையும் அதனுள் வந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, மலாயாக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. பந்தயத்தில் பெயர் பெற்ற டன்லப் கம்பெனியே மலாயாவில் பெருந்தோட்டங்களை உடைமையாக வைத்திருந்தது. அத்தோட்டங்களில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கங்காணிகள் வழியே வந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் பினாங்கில் இறங்குமுன் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்க நேர்ந்தது. அவர்கள் வெட்டிய பால் உலர்ந்த தகடுகளாய்ப் பினாங்குத் துறைமுகம் வழியாகவும் ஐரோப்பா சென்றது. பந்தயத் தடங்களில் உருண்ட ரப்பரில் நம்மவர் உழைப்பும் இருந்தது. ஆனால் அந்த வண்டிகளின் இருக்கையில் அமரும் வாய்ப்புத் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத ஒன்றாகவே இருந்தது. பணம் தருவோர் யார், அவர் யாரைத் தேர்ந்து தருகிறார் என்னும் கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வியன்று என்பதற்கு இதுவே சான்று.

நாட்டு நிறமும் கம்பெனி நிறமும்

நெடுங்காலம் பந்தய வண்டிகள் நாட்டின் நிறத்தையே தாங்கின. இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பின்னர் வெள்ளி. கம்பெனிகள் பணம் தந்தாலும் அவற்றின் பெயர் வண்டியில் பெரிதாய்த் தோன்றக் கூடாது என்பது வழக்கம். 1968-இல் உலக மோட்டார் விளையாட்டு மன்றம் இத்தடையைத் தளர்த்தியது. உடனே லோட்டஸ் அணியின் தலைவர் காலின் சாப்மன், 'கோல்டு லீஃப்' சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களைத் தம் வண்டிகளுக்குப் பூசினார். அவ்வாண்டு மே மாதம் ஸ்பெயின் நாட்டுப் போட்டியில் அந்நிற வண்டியில் கிரகாம் ஹில் வென்றார். ஆண்டு முடிவில் உலக முதல்வரும் ஆனார். பச்சை மறைந்தது. புகையிலைப் பணம் முப்பதாண்டுகளுக்கு மேல் பந்தயத்தை ஆண்டது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தபின்னரே அதன் பிடி தளர்ந்தது. வண்டியின்மேல் எழுதப்படும் பெயருக்கு ஓட்டுநர் பிணை நிற்கிறார் என்பதை நினைத்தால், யாரிடம் வாங்குவது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கதே.

பழைய வள்ளல் மரபும் ஒருமுறை தலைகாட்டியது. இங்கிலாந்தின் ஹெஸ்கத் பிரபு 1973 முதல் தம் சொந்தப் பணத்தில் அணி ஒன்றை நடத்தினார். வண்டி வெண்ணிறம், எந்தக் கம்பெனியின் பெயரையும் சுமக்காதது அவர் பெருமை. 1975-இல் ஹாலந்து நாட்டுப் போட்டியில் ஜேம்ஸ் ஹண்ட் அவ்வண்டியில் வென்றார். ஆனால் அவ்வாண்டின் இறுதியில் பிரபு ஒதுங்கிக்கொண்டார். செலவு அவர் செல்வத்தையும் விஞ்சியது. ஒருவர் கொடையை மட்டும் நம்பிய தேர் ஓரிரு மழைக்காலத்துக்கு மேல் நிற்பதில்லை.

இதற்கு எதிரான காட்சி ஆஸ்திரியாவில் நிகழ்ந்தது. நிக்கி லௌடா செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பந்தயம் ஓட்டுவதை வீட்டார் விரும்பவில்லை. அவருக்கு ஆதரவளிக்க முன்வந்த வங்கியைப் பாட்டனாரே தடுத்தார் என்பர். லௌடா வேறு வங்கியை நாடி, ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்துக் கடன் பெற்று அணியில் இடம் வாங்கினார். 1975-இல் உலக முதல்வரானார். அவர் வென்றதால் இக்கதை இன்று சொல்லப்படுகிறது. கடன் பட்டுத் தோற்றவர் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. இளைஞர் ஒருவர் லௌடாவைக் காட்டிக் கடன் வாங்கத் துணியுமுன் இதை நினைப்பது நன்று.

தமிழ்நாட்டில்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமானத் தளம் ஒன்று அமைந்தது. போர் முடிந்தபின் அதன் ஓடுபாதை மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. அந்நாளில் ஓடியோர் பெரும்பாலும் சொந்தக் கார் வைத்திருந்த வணிகர், தோட்டத் துரைமார், ஆலை முதலாளிகளின் பிள்ளைகள். காரே அரிதாயிருந்த நாட்டில் அது வியப்பன்று. 1990-இல் அக்கழகம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டது.

இடைக்காலத்தில் கொடைமுறையை மாற்றியவர் கோவை எஸ். கரிவரதன். அவர் 1954-இல் பிறந்தவர், ஆலைத்தொழிற் குடும்பத்தவர், தாமே சிறந்த ஓட்டுநர். வெளிநாட்டு வண்டியை வாங்கி ஓட்டுவதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் எளிய விலையில் பந்தய வண்டி கிடைத்தாலன்றி நாட்டில் ஓட்டுநர் பெருகார் என்று அவர் கண்டார். மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் இஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டியைக் கோவையில் வடித்தார். 'பார்முலா மாருதி' என்று அது பெயர் பெற்றது. உதிரிப் பாகங்கள் ஊர்க் கடைகளில் கிடைத்தன. ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்க முடிந்தது. பணத்தை ஒருவர் கையில் தருவதைவிடப் பலர் ஏறக்கூடிய வண்டியைச் செய்து தருவது பெரிய கொடை. கரிவரதன் 1995-இல் வான ஊர்தி விபத்தில் காலமானார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கம்பெனிகளும் இக்காலத்தில் முன்வந்தன. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய பேருந்துத் தொழிலின் வழிவந்த டி.வி.எஸ். நிறுவனம் 1982-இல் தனக்கெனப் பந்தய அணியை அமைத்தது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளையின் தொழில் எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாய் வளர்ந்து பந்தயங்களைத் தாங்கலாயிற்று. ஜே.கே. டயர் நிறுவனமும் அவ்வாறே. மிஷ்லேன் சகோதரர் 1895-இல் கண்ட கணக்கையே இவர்களும் கண்டனர். பந்தயத்தில் தாங்கும் டயர் சாலையில் தாங்காதா என்று வாங்குபவர் எண்ணுவார் அல்லவா?

நாராயண் கார்த்திகேயன்

இவ்வெல்லா வகைக் கொடைகளையும் ஒருவர் வாழ்வில் காண வேண்டுமாயின், கோவை நாராயண் கார்த்திகேயனைப் பார்க்க வேண்டும். அவர் 1977-இல் பிறந்தவர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் ராலிப் பந்தயங்களில் புகழ் பெற்றவர். எனவே முதற்கொடை வீட்டிலேயே கிடைத்தது. 1992-இல், 15 வயதில், பிரான்சிலுள்ள வின்பீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்றார். மறு ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் பார்முலா மாருதி ஓட்டினார்; அதாவது கரிவரதன் செய்த கொடையும் அவருக்குப் பயன்பட்டது. 1995-இல் பார்முலா ஆசியாத் தொடரில் மலேசியப் போட்டியில் இரண்டாவதாய் வந்தார். 1996-இல் அத்தொடரை வென்ற முதல் இந்தியரானார்.

அதன்பின் இங்கிலாந்து. அங்கே மேலேறும் ஒவ்வொரு படிக்கும் விலை உயர்ந்தது. ஒரு குடும்பத்தால் தாங்கவியலாத அளவாயிற்று. 2001-இல் ஜாகுவார் அணியின் பார்முலா ஒன் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றார். 2003-இல் நிசான் உலகத் தொடரில் நான்காவதாய் முடித்தபின், மினார்டி அணி அடுத்த ஆண்டுக்கு இடம் தர இசைந்தது. ஆனால் கேட்ட பணத்தைத் திரட்ட அவரால் இயலவில்லை, இடம் கைநழுவியது. அவருடைய திறமையை அறிந்தே அணியினர் இடம் தர இசைந்தனர். குறைந்தது பணம் ஒன்றே.

2005-இல் நிலை மாறியது. டாட்டா குழுமமும் பாரத் பெட்ரோலியமும் துணை நிற்க, ஜோர்டன் அணியில் இடம் பெற்றார். பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் அவரே. அவ்வாண்டு மார்ச் மாதம் செப்பாங்கில் 11-ஆவதாய் முடித்தார். ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில், மிஷ்லேன் டயர் பூட்டிய 14 வண்டிகள் டயர் குறைபாட்டினால் விலகிக்கொள்ள, ஆறே வண்டிகள் ஓடின. நாராயண் நான்காவதாய் வந்து 5 புள்ளிகள் பெற்றார். மீண்டும் 2011-இல் எச்.ஆர்.டி. அணியில் ஓடியபோதும் டாட்டாவின் ஆதரவு இருந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது கால முறை. 2003-இல் திரட்ட முடியாத பணம் 2005-இல் எவ்வாறு கிடைத்தது? டாட்டா நிறுவனம் அக்காலத்தில் தன் பெயரை உலக அரங்கில் நிலைநாட்ட முயன்றுகொண்டிருந்தது; நாடு கடந்து கார் விற்கும் எண்ணமும் அதற்கு இருந்தது. 'முதல் இந்தியர்' என்ற சொல்லும் அந்நாட்டமும் ஒரே நேரத்தில் கூடின. கொடுப்பவரின் தேவையும் கேட்பவரின் தேவையும் சந்திக்கும் நாளே கொடை பிறக்கும் நாள் என்று இதிலிருந்து உணரலாம்.

மலேசியாவில்

மலேசியாவிலும் இதுவே கதை. சிங்கப்பூர் தாம்சன் சாலைப் பந்தயமும், 1968-இல் திறந்த பத்து தீகா தடமும் முன்பே ஆர்வத்தை வளர்த்திருந்தன. 1999-இல் செப்பாங் தடம் திறக்கப்பட்டு உலகப் போட்டி வந்தது. நாட்டின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் 1995 முதலே சாபர் அணிக்குப் பணம் தந்துவந்தது. 2010 முதல் மெர்சிடீஸ் அணியின் பெயரிலேயே அது இடம் பெற்றது. மலேசியாவின் பெயரை வெளிநாட்டார் அறியச் செய்வதே அதன் நோக்கம்.

2001 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் அலெக்ஸ் யூங் பார்முலா ஒன்னில் ஓடிய முதல் மலேசியரானார். அவருக்குத் துணை நின்றது மேக்னம் என்னும் நான்கிலக்கப் பரிசுச்சீட்டு நிறுவனம். மறு ஆண்டு மினார்டி அணியின் பதிவுப் பெயரிலேயே கோலாலம்பூரின் சுருக்கெழுத்துச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஏழாவதாய் வந்த அவர், பின்னர் மூன்று போட்டிகளில் நேரத் தகுதி பெறத் தவறினார். பணம் இருக்கையை வாங்கித் தரும்; வேகத்தை வாங்கித் தராது என்று அந்நாளில் பலர் எழுதினர். அது முழு உண்மையன்று. பின்தங்கிய வண்டியில், போதிய பயிற்சியின்றி, ஒரு நாட்டின் எதிர்பார்ப்பைச் சுமந்து ஓடியவர் அவர். பின்னாளில், 2014-இல், ஆடி வண்டிகளின் ஆசியக் கோப்பைத் தொடரில் அவரே முதல்வரானார். பெரும்பணம் ஒருவரை அவர் பக்குவமடையுமுன்பே மேடையில் ஏற்றிவிடக் கூடும் என்பதே இதன் பாடம்.

2002-இல் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், புரோட்டான் வண்டியில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அவர் அணியின் பெயர் 'பெட்ரோனாஸ் இயோன்.' இரண்டுமே பணம் தந்த நிறுவனங்களின் பெயர்கள்! கொடுத்தவர் பெயரே அணியின் பெயராகிவிட்ட காலம் அது. ஆனால் பெருநிறுவனங்களின் கணக்குப் பெரியது. அது மாறும் வேகமும் பெரியது. செலவு ஏறி, பார்வையாளர் குறைந்தமையால், 2017-உடன் மலேசிய உலகப் போட்டியே நின்றுபோயிற்று.

எளிய ஓட்டுநருக்கு எது வழி?

இனி நம் இளைஞரிடம் திரும்புவோம். அவருக்குக் கொடுக்க ஹெஸ்கத் பிரபு இல்லை. டாட்டாவும் பெட்ரோனாசும் அவரைத் தேடி வரப்போவதில்லை. அவர் ஓடும் போட்டியை உலகம் பார்ப்பதில்லை. செப்பாங்கில் நடக்கும் 1000 கிலோமீட்டர்ப் பந்தயம் போன்றவற்றில் பலர் ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டிச் செலவைப் பகிர்ந்துகொள்வது உண்டு. அப்பங்குக்கே அவருக்குப் பணம் வேண்டும்.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. பெரிய அணிகளைப் பார்த்து, 'என் வண்டியில் உங்கள் பெயரை எழுதுகிறேன். இவ்வளவு தாருங்கள்' என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். கடைக்காரர் கணக்கறிந்தவர். சூலியா தெருவில் உணவுக்கடை வைத்திருப்பவருக்குச் செப்பாங்கில் ஓடும் வண்டியின் கதவில் பெயர் இருப்பதால் ஒரு தட்டுச் சோறும் கூடுதலாய் விற்காது. விளம்பரமென்று கேட்டால் விளம்பரத்தின் தராசிலேயே அவர் நிறுப்பார். அந்நிறுவையில் எளிய ஓட்டுநர் என்றும் குறைந்தே நிற்பார். வேறு சிலர் புரவலரைத் தேடுவது போல, 'என் கனவுக்கு உதவுங்கள்' என்று இரந்து கேட்கிறார்கள். ஒருமுறை கிடைக்கும், மறுமுறை கதவு திறவாது.

நடுவழி உபயமே. அதற்குரிய முறைகள் ஊரில் ஏற்கெனவே உள்ளன. ஓட்டுநர் அவற்றைக் கற்றுக்கொண்டால் போதும். உபயம் கேட்போர் முன்பின் அறியாதவரிடம் முதலிற் செல்வதில்லை. அறிந்தவரிடமும், அத்தொழிலோடு உறவுடையவரிடமும் செல்வர். டயர்க் கடை, பட்டறை, உதிரிப்பாக வணிகர் ஆகியோர் பணமாகத் தராவிடினும் பொருளாகவும் உழைப்பாகவும் தர முடியும். தம் பொருள் தாங்கியதா என்பதை அவர்கள் அறிய விரும்புவர். பெருந்தொகையை ஒருவரிடம் கேளாமல் பலரிடம் சிறு பங்காகக் கேட்பர். ஒருவர் விலகினாலும் விழா நிற்காது. இன்ன செலவுக்கு இவ்வளவு என்று வகை பிரித்துக் காட்டுவர். முடிந்தபின் கணக்கு ஒப்புவிப்பர். தோற்ற போட்டியின் கணக்கையும் மறைக்காமல் காட்டுபவரிடம் வணிகருக்கு நம்பிக்கை பிறக்கும். விழா முடிந்தபின் உபயக்காரர் வீட்டுக்குப் பிரசாதம் செல்வது போல, கொடுத்தவருக்கு ஏதேனும் ஒன்று திரும்பிச் செல்ல வேண்டும். கடை வாசலில் ஒருநாள் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றி அமர வைக்கலாம். கொடுத்தவரையும் அவர் வாடிக்கையாளர் சிலரையும் செப்பாங்குக்கு அழைத்துச் சென்று வண்டிக் கொட்டகையைக் காட்டலாம். இவை உலகத் தொலைக்காட்சி தர முடியாதவை. ஊர்க்காரர் மட்டுமே தரக்கூடியவை.

இதற்கு ஒரு மறுப்பும் எழக்கூடும். புகழ் இருந்தால் இத்தனை பாடு வேண்டாமே என்பர். நடிகர் அஜித்குமார் 2003-இல் ஆசியத் தொடரிலும், 2010-இல் பார்முலா டூ பந்தயத்திலும் ஓடினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் பெயர் தாங்கிய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அவர் வண்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சின்னமும் இருந்தது. உண்மைதான். ஆனால் திரைப்புகழ் முன்பே இருந்தது. பந்தயம் அதைத் தேடித் தரவில்லை. அந்த வழி ஆயிரத்தில் ஒருவருக்கும் திறவாது.

ஆலை முதலாளியின் மகன் ஓடலாம், நடிகர் ஓடலாம். தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து பட்டறையில் வேலை கற்றவர் மகன் ஓட வேண்டுமாயின், ஊர் அவரைத் தாங்க வேண்டும். ஊரைத் தாங்கச் செய்யும் நாணயம் அவரிடமும் இருக்க வேண்டும். உலகப் பந்தயத்துக்கு ரப்பர் தந்த மண்ணிலிருந்து நம் பிள்ளை ஒருவர் அந்த ரப்பரின்மேல் ஏறி ஓடுவதற்கு இதைவிட எளிய வழி தோன்றவில்லை.

அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் மோர் குடிக்கும்போது பலகையிலுள்ள பெயரை நிமிர்ந்து பாருங்கள். அவரிடம் யாரோ ஒருவர் நேரிற் சென்று, முறையாகக் கேட்டிருப்பார். போன ஆண்டுக் கணக்கையும் கையோடு கொண்டுபோயிருப்பார்.